பழைய டர்போ கெப் ஒன்றை மலைநாட்டுப் பாதைக்குத் தயார் செய்தது: எல்200 ஸ்ட்ராடா, முழு நிகழ்வு ஆய்வு

வண்டி 1999 மிட்சுபிஷி எல்200 ஸ்ட்ராடா டபள் கெப். எஞ்சின் 4டி56 டர்போ டீசல், 2477 சீசீ, இன்டர்கூலர் (டர்போ நெருக்கிய காற்றை ஆற்றுகிற சாமான்) இல்லாத வகை. கையால் போடும் ஐந்து கியர், தேவைப்பட்டால் நான்கு சில்லும் இழுக்கும். முதலில் ஒரு தோட்டத்துத் துரையிடம் ஓடியது, அப்புறம் ஒரு மரக்கறி வியாபாரியிடம் போனது, இப்போது கந்தப்பளையில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிற ஒரு குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்த வீட்டு மூத்த பையன்தான் தலவாக்கலையில் இருக்கும் எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தான். வாரநாளில் மரக்கறி ஏற்ற வேண்டும், உரம் இறக்க வேண்டும், ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குள் ஓட்டிப் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். இதுதான் அவன் கேட்டது. நியாயமான ஆசை.

புதிதாக ஒன்றை வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியைக் கட்டி ஒரு புது டபள் கெப் எடுப்பது மரக்கறிச் செய்கை செய்கிற குடும்பத்தால் ஆகிற காரியம் இல்லை. நல்ல செசியோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, இருக்கிற பழைய கெப்பைத் திருத்தி ஓட்டுவதுதான் இங்கே பலருக்கும் கணக்குச் சரிவருகிற வழி.

அவன் கொண்டுவந்த பட்டியல் நீளம். பஜேரோவில் வருகிற 4எம்40 எஞ்சினைத் தூக்கி வைக்க வேண்டும், 33 அங்குல டயர் போட வேண்டும், பின்பக்கத்தை இன்னும் உயர்த்த வேண்டும், கூரையில் எல்ஈடி பார், பொனட்டில் காற்றுவாய். "அண்ணே, கம்பளையிலிருந்து ஏறும்போது பின்னால வர்ற பஸ் நம்மள வெட்டிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்" என்றான். நான் சொன்னது: "தம்பி, ஏறுறத அப்புறம் பார்ப்போம், மொதல்ல எறங்குறத சரி பண்ணுவோம்." இந்த வேலை முழுக்க நான் விடாமல் பிடித்துக்கொண்ட வரிசை அதுதான். மலைநாட்டு வண்டிக்கு முதலில் ப்ரேக், அடுத்து குளிர்ச்சி, கடைசியாகத்தான் சக்தி. சமதரையில் ஓடுகிற வண்டிக்கு இந்த வரிசையை மாற்றினால் பெரிய நட்டம் வராது, இங்கே வரும்.

வந்த நிலை

முன் டிஸ்க் இரண்டும் நீலம் பாய்ந்து, மேலே மயிர்க்கோடு மாதிரி சூட்டு வெடிப்புகள். ப்ரேக் பெடல் இரண்டு தடவை மிதித்ததும் கல்லாகிவிடும். இறம்பொடை ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் ரேடியேட்டர் கொதிக்கிறது, வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றித்தான் ஏறுகிறார்கள். கறுப்புப் புகை, அதனால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தட்டிப் போய்விட்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பதால்தான் வண்டி கராஜுக்கே வந்தது என்று சொல்லலாம். பின்பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை, செசி எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தோம். பெட்டியில் 8 உர மூட்டை, அதாவது 400 கிலோ ஏற்றி, நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை வழியாகத் தவலந்தென்னைச் சந்தி வரை தாழ்ந்த கியரில் நிதானமாக இறக்கி, சந்தியில் நிறுத்தியதும் சூடு அளக்கிற துப்பாக்கியால் நான்கு சில்லையும் அளந்தோம். முன் டிஸ்க் 380 பாகைக்கு மேல். பின் ட்ரம் 90 பாகை. இந்த இரண்டு எண்ணும்தான் முழுக் கதையையும் சொல்லிவிட்டன, பின் ப்ரேக் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. தவலந்தென்னையிலிருந்து தலவாக்கலைக்கு நேராக ஒரு பாதை இருப்பதால் இந்தச் சுற்று எங்களுக்கு வசதியான சோதனைப் பாதை: ஏற்றம், இறக்கம், பனி, ஊசி வளைவு எல்லாம் ஒரே சுற்றில் கிடைக்கும்.

செசி

செசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதை முதலில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பெட்டியைத் தூக்கி இறக்கிவிட்டு, சின்னச் சுத்தியலால் செசி நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கோயில் மணி போலக் கணீரென்று சொல்லும், அழுகிய இடத்தில் சத்தம் அமுங்கும். இந்த வண்டியில் வலதுபக்கம், பின் ஸ்பிரிங் பட்டை தொங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் மாறியது. கம்பிப் பிரஷ் போட்டதும் பெயின்ட் பட்டையாக உரிந்தது, உள்ளே விரல் நுழைகிற ஓட்டை.

காரணம் மழை மட்டும் இல்லை. அமோனியம் சல்பேட் மாதிரி உர உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும். உர மூட்டையும் கோழி எருவும் ஏற்றிய பெட்டியை மரக்கறி ஏற்றுவதற்கு முன் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீர் அடித்தகட்டு ஓட்டை வழியாக நேரே செசிப் பெட்டிக்குள் போய்த் தங்குகிறது. வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அழுகும். கந்தப்பளை, இராகலை, உடபுசல்லாவை பக்கத்து மரக்கறிக் கெப்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, உள்ளே தட்டு வைத்து, வெளியே சாய்சதுர வடிவில் வெட்டிய 4 மில்லிமீற்றர் தட்டைப் போர்த்தி வெல்டிங் செய்தோம். சாய்சதுரம் அழகுக்காக இல்லை. செசிக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் ஓடினால், வளைந்து நெளிகிற பாரமெல்லாம் அந்த ஒரே கோட்டில் வந்து நின்று அங்கேயே வெடிக்கும். கோடு சாய்வாக இருந்தால் பாரம் பரவிப் போகும். வெல்டிங்குக்கு முன் பற்றறியைக் கழற்றினோம், முடிந்ததும் செசிக்குள் மெழுகு எண்ணெய் அடித்தோம், தண்ணீர் தங்காமல் வடிய அடித்துளைகளைத் திறந்துவிட்டோம். பெட்டிக்குப் புது அடித்தகடு, அதன் மேல் தடித்த ரப்பர் பூச்சு.

இறக்கம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கிருந்து கம்பளைக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1400 மீற்றர் கீழே வருகிறோம். பாரத்தோடு இந்தக் கெப் 2.6 தொன் வரும். கணக்குப் போட்டால் அந்த இறக்கத்தில் ஏதோ ஒரு வழியில் கரைக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய ஒரு லீற்றர் டீசலில் இருக்கிற சக்திக்குச் சமம். எஞ்சின் பிடித்து நிறுத்துகிறது கொஞ்சம், காற்றும் டயரும் தின்கிறது கொஞ்சம், மிச்சம் எல்லாம் டிஸ்க்கிலும் ட்ரம்மிலும் சூடாகத்தான் போக வேண்டும். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை அடைக்கிற கதவு இல்லாததால் ஆக்சிலேட்டரை விட்டதும் அது பிடிக்கிற பிடி நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லொறி ட்ரைவர்மார் சொல்வதை அப்படியே கேட்க வேண்டும்.

பின் ப்ரேக் ஏன் தூங்கியது? இந்த வண்டியில் பின் அச்சுக்கு மேலே, செசியில், பாரத்தை உணர்கிற ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். பாரம் ஏறி செசி அச்சை நோக்கி இறங்கினால் கம்பி வால்வைத் தள்ளும், பின் ப்ரேக்குக்கு அழுத்தம் கூடப் போகும். வெறும் பெட்டியாக இருந்தால் பின் சில்லு பூட்டிச் சறுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். இப்போது யோசியுங்கள்: முன்பு வைத்திருந்தவர் பாரம் தாங்கவும் பார்வைக்கும் என்று கூடுதல் ஸ்பிரிங் பட்டையும், பட்டையைச் செசியில் தொங்கவிடுகிற ஷெக்கிளை நீளமாகவும் போட்டு பின்பக்கத்தை மூன்று அங்குலம் அளவுக்கு உயர்த்தியிருக்கிறார். வால்வின் கம்பியை யாரும் தொடவில்லை. எவ்வளவு மூட்டை ஏற்றினாலும் வால்வுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று, பெட்டி வெறுமை. 800 கிலோ உருளைக்கிழங்கோடு இறங்குகிற வண்டி, வெறும் வண்டியின் பின் ப்ரேக்கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

உயர்த்திய கெப்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்தக் கம்பியைத்தான். உயர்த்துகிறவர்களில் பலர் அப்படி ஒரு சாமான் இருப்பதையே அறியாமல் செய்கிறார்கள், சிலர் இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றியே விடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

நீள ஷெக்கிளைக் கழற்றினோம். பட்டைக் கட்டைப் பிரித்து, களைத்த பட்டைகளை மாற்றி, பழைய அளவைவிட 40 மில்லிமீற்றர் மட்டும் உயரமாக வருகிற மாதிரி கட்டினோம். முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகி வேலை செய்கிற டோர்ஷன் பாரைத் திருகி அதே அளவு சமப்படுத்தினோம், அதற்கு மேல் திருகினால் முன் அச்சு மூட்டு வளைகிற கோணம் கெட்டு ரப்பர் உறை கிழியும். வால்வின் கம்பிக்கு அந்த 40 மில்லிமீற்றரை ஈடுசெய்ய லேத்தில் ஒரு துண்டு செய்து போட்டோம். அப்புறம் முன் லைனிலும் பின் லைனிலும் அழுத்த மீட்டர் பூட்டி, வெறும் பெட்டியோடு ஒரு தடவை, மூட்டை ஏற்றி ஒரு தடவை, இரண்டும் வித்தியாசமாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நட்டை இறுக்கினோம்.

பெடல் கல்லாவது வேறு விஷயம். டீசலில் எஞ்சின் தானாக வெற்றிடம் தராது, அதனால் மிதியின் பலத்தைக் கூட்டித் தருகிற ப்ரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தர ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் ஒரு சின்ன பம்ப் ஓடுகிறது. அதன் உள் தகடுகள் தேய்ந்து, சீலும் போய், எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. பூஸ்டருக்குப் போகிற ஹோஸ் கிளிப்பண்டை வெடித்திருந்தது. ஒரு மிதிக்குப் போதுமான வெற்றிடம் இருக்கும், வளைவுக்கு வளைவு மிதிக்கும்போது நிரப்பிக்கொள்ள நேரம் கிடைக்காது. இதில் மலைநாட்டுக்கென்றே ஒரு சங்கதி உண்டு: பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே இருக்கிற வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில். நுவரெலியாவில் வெளிக்காற்றின் அழுத்தமே கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதாவது எல்லாம் சரியாக இருந்தாலும் பூஸ்டர் தரக்கூடிய உச்ச உதவி இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சமாளித்து ஓடுகிற களைத்த பம்ப் இங்கே அம்பிட்டுவிடும். பம்பைப் புதிதாகவே போட்டோம், இதில் பழைய சாமான் தேட நான் சம்மதிக்கவில்லை.

ப்ரேக் எண்ணெய் தேநீர் நிறத்தில் இருந்தது. டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் கீழே கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் ஏறிவிட்டால் அது 140க்கு இறங்கிவிடும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற எண்ணெய் அது, நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவா? கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி இருந்தால் பெடல் தரையில். முழுக்க வடித்து டொட் 4 விட்டோம், வருடம் ஒருமுறை மாற்றச் சொல்லி மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். புது டிஸ்க், புது பேட், ட்ரம்மை லேத்தில் கடைந்து புது லைனர், இவை வழக்கமான வேலைகள்.

சூடு

கொதிக்கிற வண்டிக்கு முதலில் கழற்றுவது தெர்மோஸ்டாட்டை, இது நம் பக்கத்தில் ஊறிப்போன வைத்தியம். இந்த வண்டியிலும் அது இல்லை. அதைக் கழற்றுவதால் ஏற்றத்தில் சூடு குறைவதாகத் தெரியும், ஆனால் மலைப்பாதையில் ஓடுகிற எஞ்சினின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் முழு மூச்சில் ஏறுகிறது, உச்சியைத் தாண்டியதும் எரிபொருளே எரியாமல் குளிர்காற்றில் இறங்குகிறது. தெர்மோஸ்டாட் இருந்தால் இறக்கத்தில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிற வழியை அடைத்து எஞ்சினை வெதுவெதுப்பாக வைக்கும். இல்லாவிட்டால் எஞ்சின் ஆறிப்போகும், அடுத்த ஏற்றத்தில் திரும்பக் காயும். 4டி56இன் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடுகிற பகுதி, அலுமினியம், கீழே இருக்கிற பிளாக் வார்ப்பிரும்பு, இரண்டும் சூட்டில் விரிகிற அளவு வேறு. இந்த ஆறிக் காய்தல்தான் ஹெட்டை உடைக்கிறது.

உடைத்தும் இருந்தது. ஹெட்டைக் கழற்றிக் கழுவி, வெடிப்புக் காட்டுகிற சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தோம். மூன்றாவது சிலிண்டரில் உள்ளெடுக்கும் வால்வின் ஆசனத்துக்கும் வெளியேற்றும் வால்வின் ஆசனத்துக்கும் நடுவே, வெள்ளைக்கு மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று மெதுவாக ஊறி வந்தது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றான். வெல்டிங் செய்து தருகிறோம் என்று சொல்கிற இடங்கள் உண்டு, அலுமினிய ஹெட்டில் அந்த இடத்தில் செய்கிற வெல்டிங்கை நான் நம்பவில்லை. புது வெற்று ஹெட் எடுத்து, நல்ல வால்வுகளை அதில் அரைத்துப் போட்டோம். இந்த எஞ்சின் பஜேரோ, டெலிக்கா வான்களில் வந்தது, ஹியுண்டாய் டீ4பீ வரிசை இதன் உரிமம் பெற்ற வடிவம், அதனால் சாமானுக்குக் கஷ்டமில்லை. கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சோதித்தபோது 0.3 பார் அழுத்தம்தான் தாங்கியது, தாங்க வேண்டியது 0.9 பார் அளவு. சின்னச் சாமான், ஆனால் நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 பார் தாங்குகிற மூடி அந்தக் கொதிநிலையை 115க்குக் கொண்டுபோகும், 0.3 தாங்குகிற மூடி 103இல் விட்டுவிடும். வெறும் தண்ணீருக்கே இந்தக் கணக்கு, கூலன்ட் கலந்தால் இன்னும் சில பாகை கூடும். அதோடு சூடு ஏறினால் விசிறியை எஞ்சினோடு இறுகப் பிடிக்கிற விஸ்கஸ் கப்ளிங் செத்திருந்தது. இரண்டாம் கியரில் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகிற வண்டிக்கு எதிர்க்காற்று என்று ஒன்றும் கிடையாது, விசிறி இழுக்கிற காற்றுதான் எல்லாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, விசிறியைக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்க வேண்டும். இது லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. புது கப்ளிங், மூன்று வரிசை செம்பு ரேடியேட்டர், சரியான தெர்மோஸ்டாட், தோட்டத்துப் பீலித் தண்ணீருக்குப் பதிலாக முறையான கூலன்ட்.

சக்தி

இப்போதுதான் பையன் ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறோம். 4எம்40 நல்ல எஞ்சின், 2835 சீசீ, பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. ஆனால் பாரம் கூடியது, முன் ஸ்பிரிங், எஞ்சின் தாங்கி, கியர் பெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்ற வேண்டிவரும், பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றுகிற வேலையும் சேரும். அந்தக் காசில் இருக்கிற எஞ்சினை முழுசாகத் திருத்தி மிச்சமும் பிடிக்கலாம் என்று சொன்னபோது அவனுடைய அப்பாதான் முதலில் ஒத்துக்கொண்டார்.

டர்போ இல்லாத டீசல் நுவரெலியாவில் மூச்சுத் திணறுவது எல்லோருக்கும் தெரியும், காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பம்ப் ஊற்றுகிற டீசல் குறைவதில்லை, மிச்ச டீசல் கறுப்புப் புகை. டர்போ அதில் பெரும்பகுதியை ஈடுகட்டும். இந்த வண்டியில் மீட்டர் போட்டு அளந்தபோது பூஸ்ட், அதாவது டர்போ கூட்டித் தருகிற காற்றழுத்தம், 0.6 பார். ஆனால் காற்றை நெருக்கினால் சூடாகும். நுவரெலியாவில் 18 பாகையில் உள்ளே போகிற காற்று டர்போவிலிருந்து வெளியே வரும்போது கணக்குப்படி 95 பாகையைத் தொடும். அதை 45க்கு ஆற்றிவிட்டால், பூஸ்டைத் துளியும் கூட்டாமலே சிலிண்டருக்குள் 15 சதவீதம் கூடுதல் காற்று போகும். இன்டர்கூலர் போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

எங்கே போடுவது என்பதில்தான் பேச்சு நீண்டது. பஜேரோ பாணியில் எஞ்சினுக்கு மேலே வைத்து பொனட்டில் காற்றுவாய் வெட்டினால் பார்க்க அழகு. ஆனால் மெதுவாக ஏறுகிற நேரத்தில் அந்த வாய்க்குள் காற்று போகாது, கீழே இருந்து எஞ்சின் சூடு ஏறி அது காற்றை ஆற்றுவதற்குப் பதில் காய்ச்சும். முன்னால் வைத்தால் விசிறியே அதற்கும் காற்று இழுக்கும், ஆனால் ரேடியேட்டரை மறைக்கும். ரேடியேட்டரைப் பெரிதாக்கி, விசிறியைச் சரிசெய்த பிறகு எனக்கு அந்தப் பயம் இல்லை. சின்ன இன்டர்கூலர் ஒன்றை ரேடியேட்டரின் கீழ்ப்பாதிக்கு முன்னால் வைத்து அலுமினியக் குழாய் வளைத்தோம். பொனட் வெட்டப்படவில்லை.

இன்ஜெக்டர் நான்கையும் பெஞ்சில் வைத்துச் சரிபார்த்து நொசில் மாற்றினோம், பம்பை டீசல் பம்ப் கடையில் கொடுத்துத் திறந்து சீல் மாற்றி, டீசல் அளவை மிகக் கொஞ்சம் கூட்டினோம். கூட்டுவதற்கு எல்லை வைத்தது எக்ஸ்சோஸ்ட் சூட்டு மீட்டர். டர்போவுக்கு முன்னால் உணரி, டாஷ்போர்டில் முள். 700 பாகைக்கு மேல் முள் போகக் கூடாது, போனால் கியரைக் குறை என்பதுதான் அவனுக்குச் சொன்ன சட்டம். அலுமினிய ஹெட்டுள்ள பழைய டீசலில் பூஸ்டும் டீசலும் கூட்டிவிட்டு இந்த மீட்டர் போடாதவர்கள் அடுத்த ஹெட்டுக்கு இப்போதே காசு சேர்க்கலாம்.

டைமிங் பெல்ட் மாற்றும்போது பக்கத்தில் ஓடுகிற சின்ன பெல்ட்டையும், அதாவது அதிர்வைச் சமப்படுத்துகிற ஷாஃப்டின் பெல்ட்டையும், சேர்த்தே மாற்றினோம். பெரியது மட்டும் போதும் என்று சின்னதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் இழுத்துப் போடும், வால்வு பிஸ்டனில் முட்டும்.

வெளியே தெரிகிற வேலை

33 அங்குல டயர் வேண்டாம் என்றேன். வண்டிக்கு வந்த 205 ஆர் 16 டயரைவிட அது 13 சதவீதம் பெரிது, கியர் அந்த அளவுக்கு நீண்டுவிடும், ஏற்றத்தில் இழுவையும் போகும், அதே பெடல் மிதிக்கு நிறுத்துகிற பிடியும் போகும். 265/70 ஆர் 16இல் சமாதானமானோம், 5 சதவீதம்தான் பெரிது, சில்லு வளைவும் நிரம்பித் தெரிகிறது. கூரை எல்ஈடி பாரும் வேண்டாம். நானுஓயாப் பனியில் கண்ணுக்கு மேலே இருந்து அடிக்கிற வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். பம்பருக்குக் கீழே மஞ்சள் ஃபொக் விளக்கு இரண்டு, ரிலே வைத்து இழுத்தோம். 2025 ஆரம்பத்தில் பொலிஸ் கூடுதல் விளக்கையும் ஹோர்னையும் கழற்றவைத்ததையும் பையன் பார்த்திருந்தான், அதனால் பெரிய வாதம் வரவில்லை.

பெயின்ட் பழைய கரும்பச்சையேதான், புத்தகத்தில் உள்ள நிறம். டிங்கர் வேலை முடிந்தும் பெயின்டைப் பெப்ரவரி வெயில் வரை பிடித்து வைத்தோம், ஈரக் காற்றில் அடித்தால் மேலே மங்கல் பூத்துவிடும்.

ஓடிப் பார்த்தது

அதே 8 மூட்டை, அதே தாழ்ந்த கியர், அதே நுவரெலியா, லபுக்கலை, இறம்பொடை, தவலந்தென்னை. சந்தியில் அளந்தபோது முன் டிஸ்க் 240 பாகை, பின் ட்ரம் 170. பெடல் மேலேயே நிற்கிறது, கடைசி வளைவிலும் முதல் வளைவில் இருந்த அதே மிதி. திரும்பி ஏறும்போது கூலன்ட் 96 பாகையைத் தாண்டவில்லை, எக்ஸ்சோஸ்ட் முள் 650இல் நின்றது. முன்பு முதலாம் கியரில் ஊர்ந்த ஊசி வளைவுகளை இப்போது இரண்டாம் கியரில் எடுக்கிறது. புகைப் பரிசோதனையில் சிரமமில்லாமல் தேறியது. சம்பளத்தையும் சேர்த்து மொத்தச் செலவில் பாதிக்கு மேல் வெளியே யாருக்கும் தெரியாத இடங்களில் போயிருக்கிறது, அதில் எனக்குத் திருப்தி.

பையன் இப்போது லொறிகளில் இருக்கிற மாதிரி எக்ஸ்சோஸ்ட் ப்ரேக் கேட்கிறான். கேள்வி நல்ல கேள்வி, இறக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. ஆனால் வெளியேறும் வழியை அடைக்கும்போது வருகிற பின்னழுத்தம் இந்த எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்கையும் டர்போவின் சீலையும் என்ன செய்யும் என்று அளந்து பார்க்காமல் போட மாட்டேன். அழுத்த மீட்டர் ஒன்றை மனிஃபோல்டில் பூட்டுவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். தென்மேற்கு மழை முடிந்து செசியின் வலதுபக்க வெல்டிங்கைத் திறந்து பார்க்க வண்டி மறுபடி வரும், எக்ஸ்சோஸ்ட் ப்ரேக் பேச்சை அப்போது எடுப்போம்.